நான்காம் நம்பர் கடிகாரம்

நம் கதாநாயகி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊரே அவளைக் கூப்பிடுவது குக்கர் என்றுதான்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. கோபம் வந்தாலும் அவளிடம் சத்தம். சந்தோஷம் வந்தாலும் சத்தம். சத்தம் வருவதற்கு முன்னால் மூக்கு வழியாக 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு வரும். அதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

போன வருடம் விளையாட்டு விழாவில் அவளுடைய தோழி ஓட்டப் பந்தயத்தில் ஓடினாள். உற்சாகப்படுத்துகிறேன் பேர்வழி என்று குக்கரும் தடத்துக்குள் இறங்கிக் கூடவே ஓடினாள். தோழி குக்கர்மேல் மோதி விழுந்தாள். பின்னால் வந்த பெண் இரண்டு பேர்மேலும் விழுந்தாள். அதற்குப் பின்னால் வந்தவள் மட்டும் சுற்றிக்கொண்டு போய் முதல் பரிசை வாங்கினாள். தோழி குக்கரோடு மறுபடி பேச ஒரு மாதம் ஆனது.

அதனால்தான் இந்த வருடம், "நேரம் பிடிக்க ஆறு பேர் வேணும். யார் வர்றீங்க?" என்று விசில் டீச்சர் கேட்டபோது, குக்கர் கையைத் தூக்கியதும் வகுப்பே சிரித்தது.

விசில் டீச்சர் என்பவர் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். பாதி பேச்சைப் பேசுவார், மீதியை ஊதுவார்.

"சிரிக்காதீங்க. சோதனை வச்சுப் பார்த்துடலாம்" என்றார் அவர்.

சோதனை எளிதானது. டீச்சர் ஒரு ஸ்கேலை நேராகத் தூக்கிப் பிடிப்பார். கீழே நாம் இரண்டு விரலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விடுவார். டப்பென்று பிடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோமோ அவ்வளவு சின்ன எண்ணில் விரல் நிற்கும்.

கண்ணாடி பதினைந்தில் பிடித்தான். கண்ணாடி என்பவன் குக்கருக்குப் பக்கத்து இருக்கைக்காரன். பெரிய மூக்குக் கண்ணாடி போட்டிருப்பான். இடி விழுந்தாலும், "இடி விழுந்துடுச்சு போல" என்று நிதானமாகச் சொல்லுகிற ரகம்.

குக்கர் ஒன்பதில் பிடித்தாள். வகுப்பிலேயே அவள்தான் முதல்.

"கை சரியா இருக்கு" என்றார் டீச்சர். "வாயும் காலும்தான் யோசிக்க வைக்குது."

"அதையும் அடக்கிக் காட்டறேன் டீச்சர்!" என்று குக்கர் கத்திச் சொன்னாள்.

டீச்சர் காதைத் தேய்த்துக்கொண்டார். ஆனாலும் பட்டியலில் அவள் பெயரை எழுதினார்.

மறுநாளே பயிற்சி ஆரம்பமானது. ஆறு பேருக்கும் கழுத்தில் தொங்கவிட ஆறு கடிகாரங்கள். பொத்தானை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண் ஒட்டியிருந்தது. குக்கருக்கு நான்காம் நம்பர். அதாவது, நான்காம் தடத்தில் யார் ஓடினாலும் அவருடைய நேரம் அவள் பொறுப்பு.

"நல்லா கேட்டுக்கோங்க" என்றார் டீச்சர். "இருநூறு மீட்டர் ஓட்டம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்கும். அங்கே ரெண்டு கட்டையைப் படார்னு சேர்த்து அடிப்பாங்க. சத்தத்தைக் கேட்டு அமுக்கக் கூடாது. சத்தம் இங்கே வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். கட்டை ரெண்டும் ஒட்டறதைக் கண்ணால பார்த்ததும் அமுக்கணும்."

"முடியறப்போ டீச்சர்?" என்று கண்ணாடி கேட்டான்.

"ஓடி வர்ற ஆளைப் பார்க்காதீங்க. தரையில இருக்கற வெள்ளைக் கோட்டைப் பாருங்க. நெஞ்சு கோட்டுக்கு வந்ததும் அமுக்குங்க. இன்னொண்ணு. கத்தறது, குதிக்கறது, கை தட்டறது எதுவும் கிடையாது. நேரம் பிடிக்கறவங்களுக்கு அன்னிக்கு யாரும் சொந்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை."

சொல்லி முடித்து ஒரு விசில் ஊதினார். அதற்குப் புரிந்ததா என்று அர்த்தம்.

அந்த வாரம் முழுவதும் குக்கர் வீட்டில் எல்லாவற்றுக்கும் நேரம் பிடித்தாள். அம்மா வேனைப் பின்னால் எடுத்து வாசலில் நிறுத்த இருபத்தோரு வினாடி. அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அப்பா சட்டை மாற்ற நாற்பது வினாடி. அவர் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். தம்பி குளிக்க ஒன்பது வினாடி.

"ஒன்பதா?" என்றார் அம்மா. "அது குளியலா? சோப்பு நனைஞ்சுதான்னு பாரு."

தம்பிக்கு ஒன்பது வயது. சின்னதாக இருப்பதால் சுண்டு என்று பெயர். குளிப்பதில் மட்டுமல்ல, ஓடுவதிலும் வேகம். நான்கு மாதமாகத் தினமும் சாயங்காலம் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தபால் பெட்டி வரைக்கும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இருநூறு மீட்டர் ஓட்டத்தை முப்பத்தாறு வினாடிக்குள் முடித்தால், பள்ளிகளுக்கு இடையிலான பெரிய போட்டிக்குப் போகலாம். முதலாவதாக வந்தாலும் நேரம் தாண்டிவிட்டால் போக முடியாது. மூன்றாவதாக வந்தாலும் நேரத்துக்குள் வந்துவிட்டால் போகலாம்.

"முப்பத்தாறு" என்று சுண்டு சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். தூங்குவதற்கு முன் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வான். அம்மா சுவரைக் கெடுக்கிறான் என்று திட்டினார், ஆனால் அழிக்கவில்லை.

அவனுக்கு இருந்த ஒரே தொல்லை ஷூதான். பெரியம்மா மகன் போட்டுப் பழசாக்கிக் கொடுத்த ஷூ. ஒரு அளவு பெரிது. அப்பா அதன் மூக்குக்குள் துணியைச் சுருட்டி அடைத்து, "இப்போ பாரு, உன் காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். சுண்டு நம்பிவிட்டான்.

விழா நாள் வந்தது. வெயில் இதமாக இருந்தது. மைதானம் முழுக்கப் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் படிப்படியாக மர மேடை ஒன்று வைத்திருந்தார்கள். நேரம் பிடிக்கிற ஆறு பேரும் அதன்மேல் நின்றார்கள்.

காலையில் இரண்டு ஓட்டங்கள் முடிந்தன. குக்கர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. கோடு, நெஞ்சு, அமுக்கு. அவ்வளவுதான். கணக்கு சார் நோட்டோடு வந்து நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். விசில் டீச்சர்கூடத் தூரத்திலிருந்து பார்த்துத் தலையை ஆட்டினார். குக்கருக்குத் தன்னைப் பற்றியே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு மைக்கில் அறிவிப்பு வந்தது. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான இருநூறு மீட்டர். குலுக்கல் சீட்டு எடுத்துத் தடம் ஒதுக்கினார்கள். நான்காம் தடம் சுண்டுவுக்கு விழுந்தது.

பக்கத்தில் நின்ற கண்ணாடி குக்கரின் காதுக்கருகில் குனிந்தான். அவன் கையில் ஐந்தாம் நம்பர் கடிகாரம்.

"உன் தம்பிடி. நாம ரெண்டு பேரும் மாத்திக்கலாமா? நீ அஞ்சைப் பாரு. நான் நாலைப் பார்க்கறேன்."

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் குக்கர். உண்மையைச் சொன்னால், தம்பி ஜெயிக்கிற நேரத்தைத் தன் கையால்தான் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசையில்தான் வம்பு வந்தது.

மைதானத்தின் அந்தப் பக்கம் கட்டை உயர்ந்தது. ஆறு பேரும் கண் இமைக்காமல் பார்த்தார்கள். கட்டை இரண்டும் ஒட்டின. குக்கர் அமுக்கினாள். அதற்கப்புறம்தான் 'படார்' என்ற சத்தம் வந்தது.

சுண்டு புறப்பட்ட வேகத்தைப் பார்த்துக் கூட்டம், "அடேயப்பா!" என்றது. வளைவு வருவதற்குள் அவன்தான் முதலில். வளைவில் திரும்பும்போது என்ன ஆனதென்றால், அப்பா அடைத்து வைத்த துணி நழுவிவிட்டது. வலது கால் ஷூ தனியாகப் பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. சுண்டு தடுமாறினான். ஒருவன் தாண்டினான், இரண்டாவது ஆள் தாண்டினான், மூன்றாவது ஆளும் தாண்டினான்.

'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு வந்தது. கண்ணாடி திரும்பிப் பார்த்தான்.

"கோடு! கோட்டைப் பாரு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

குக்கர் கோட்டைப் பார்க்கவில்லை. தம்பியைத்தான் பார்த்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். தொம், தொப், தொம், தொப். ஆனால் அவன் நிற்கவே இல்லை. கடைசி நேர்க்கோட்டில் மூன்றாவது ஆளை நெருங்கினான். கூடவே வந்தான். தாண்டினான்!

"அப்படித்தான்டா சுண்டு!" என்று குக்கர் மேடையில் ஒரு குதி குதித்தாள்.

குதித்த வேகத்தில் விரல் அமுங்கிவிட்டது.

கால் மேடையில் படுவதற்குள் அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுண்டு இன்னும் கோட்டுக்கு வரவில்லை. இன்னும் நாலைந்து தப்படி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்கப்புறம்தான் அவன் நெஞ்சு கோட்டைத் தாண்டியது. கடிகாரம் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். முப்பத்தைந்து புள்ளி ஆறு.

முப்பத்தாறுக்குள்.

கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக வந்த ஒற்றை ஷூக்காரன்தான் எல்லோருக்கும் பிடித்தமானவனாகிவிட்டான். சுண்டு தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி மேடையைப் பார்த்தான். "எவ்ளோ?" என்று கையால் கேட்டான்.

கணக்கு சார் நோட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஒண்ணு?"

"முப்பத்தேழு புள்ளி ரெண்டு சார்."

குக்கர் கடிகாரத்தை மறுபடி பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஓட்டத்தைத்தான் பார்த்தார்கள். கடிகாரத்தில் இருப்பதை அப்படியே படித்தால் போதும். நாம் கதை எதையும் கட்டப் போவதில்லையே, கடிகாரம் சொல்வதைத்தானே சொல்லப் போகிறோம்?

"ரெண்டு?"

"முப்பத்து நாலு புள்ளி எட்டு சார்."

நான்கு மாதம் ஓடினானே. சுவரில் எழுதி வைத்திருக்கிறானே. ஷூ கழன்றது அவன் தப்பா? அம்மாவும் அப்பாவும் அங்கே எழுந்து நின்று கை தட்டுகிறார்களே. இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். அழுகை ஒரு பக்கம் வந்தது. தன்மேலேயே கோபம் இன்னொரு பக்கம் வந்தது. கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"மூணு?"

"முப்பத்தஞ்சு புள்ளி மூணு சார்."

குக்கர் ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள். வழக்கமாக அது சத்தமாகத்தான் வெளியே வரும். இந்தத் தடவை மெதுவாக விட்டாள். முழுவதையும் விட்டாள்.

"நாலு?"

"எங்கிட்ட நேரம் இல்லை சார்."

கணக்கு சார் நிமிர்ந்தார். "என்னம்மா சொல்ற? கையில கடிகாரம் இருக்கே."

"இருக்கு சார். ஆனா நான் குதிச்சுட்டேன். அவன் கோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அமுங்கிடுச்சு. இது அவனோட நேரம் இல்லை."

அவள் குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அதற்குள் எழுந்து மேடைக்குக் கீழே வந்து நின்ற சுண்டுவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டுவிட்டது.

கணக்கு சார் நோட்டில் நான்காம் தடத்துக்கு நேராக ஒரு கோடு கிழித்துவிட்டு விசில் டீச்சரைக் கூப்பிட்டார். இருவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு டீச்சர் வந்து சுண்டுவின் தோளைத் தட்டினார்.

"மூணாவது இடம் உனக்குத்தான். அதுல மாற்றம் இல்லை. நேரம் மட்டும் பதிவாகலை. அது உன் தப்பு இல்லைங்கறதால நீ மறுபடி ஓடலாம். முக்கால் மணி நேரம் ஓய்வு எடுத்துக்கோ. தனியாத்தான் ஓடணும்."

"மறுபடியுமா?" என்றான் சுண்டு. மேடையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஒற்றை ஷூவோடு விறுவிறுவென்று அம்மாவிடம் போய்விட்டான்.

அம்மா, அப்பா, சுண்டு மூவரும் மைதானத்தின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளை என்பதால் குக்கரும் அங்கே போனாள். சுண்டு எழுந்து அம்மாவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"அம்மா, அவகிட்ட நான் பேசமாட்டேன்னு சொல்லு."

"அவன் பேசமாட்டானாம்" என்றார் அம்மா.

"எனக்குக் கேட்டுச்சும்மா."

"ஒத்தை ஷூவோட ஓடி ஒருத்தனைத் தாண்டினேன்னு சொல்லு. மறுபடி என்னால அப்படி ஓட முடியுமான்னு கேளு."

"அவளைக் கேட்டா எப்படிடா தெரியும்?" என்றார் அப்பா.

"நீங்களும் பேசாதீங்க. துணி அடைச்சது நீங்கதானே!"

அப்பா புல்லிலிருந்து எடுத்து வந்த ஷூவை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

குக்கருக்குத் திருப்பிச் சொல்ல ஆயிரம் பதில் இருந்தது. நான் பொய் சொல்லியிருந்தா உனக்குப் பிடிச்சிருக்குமா? ஷூவைச் சரியாகக் கட்டத் தெரியாதா? எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. அவள் விழுங்கினாள். கோபப்பட அவனுக்குக் காரணம் இருந்தது, தனக்கு இல்லை.

"சுண்டு, தப்பு என்மேலதான்" என்றாள். "நீ திட்டறதுன்னா நல்லா திட்டு. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மறுபடி ஓடறப்போ ரெண்டு ஷூவையும் கழட்டிடு."

சுண்டு காலில் இருந்த ஒற்றை ஷூவைப் பார்த்தான்.

"நீ தெருவுல பழகினதெல்லாம் வெறுங்கால்லதானே. அந்த ஷூவை இன்னிக்குத்தான் முதல் தடவையா போட்டுட்டு ஓடினே."

சுண்டு தன் வெறுங்கால் விரல்களை அசைத்துப் பார்த்தான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அம்மா, அவ சொல்றது சரின்னு அவகிட்ட சொல்லு. ஆனா நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். அதையும் சேர்த்துச் சொல்லு."

"எனக்கு வேன் ஓட்டறதே மேல்" என்றார் அம்மா.

முக்கால் மணி நேரம் ஆனதும் குக்கர் நேராக விசில் டீச்சரிடம் போனாள். கழுத்திலிருந்து கடிகாரத்தைக் கழற்றி நீட்டினாள்.

"டீச்சர், தம்பிக்கு வேற யாராவது பிடிக்கட்டும்."

டீச்சர் வாங்கிக்கொண்டார். "சரி. கண்ணாடி, நீ வா. நாலாம் தடத்தை நீ பாரு."

பக்கத்தில் கால் உதறிக்கொண்டிருந்த சுண்டு நின்றான்.

"டீச்சர், அக்காவே பிடிக்கட்டும்."

"ஏன்டா? அவமேல கோவமா இருக்கேன்னு ஊருக்கே சொல்லிட்டிருந்தியே?"

"கோவம்தான் டீச்சர்" என்றான் சுண்டு. "ஆனா அவ தப்பா அமுக்கினா, அவளே சொல்லிடுவா. இவர் சொல்லுவாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் சொல்லுவேன்!" என்றான் கண்ணாடி. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஒரு விசில் ஊதினார்.

"அப்போ ரெண்டு பேருமே பிடிங்க. ரெண்டு கடிகாரத்துக்கும் வித்தியாசம் வந்தா, எது அதிகமா காட்டுதோ அதைத்தான் எழுதுவோம். விதி அப்படி."

குக்கர் கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டாள். தம்பி சொன்னது அவள் காதிலேயே இருந்தது. அவளுக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மேடையருகில் போனதும் ஒரு நிமிடம் யோசித்தாள். தன் கால்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவை சொன்ன பேச்சைக் கேட்கிற கால்கள் இல்லை. அதனால் மேலே நிற்காமல் மேடையின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அடியில் இருந்த குறுக்குக் கட்டையில் இரண்டு பாதங்களையும் பின்னிக்கொண்டாள். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்னடி இது?" என்றான் கண்ணாடி.

"இனிமே குதிக்க நினைச்சாலும் முடியாது."

அந்தப் பக்கம் சுண்டு தனியாக நின்றான். பெரிய மைதானத்தில் அவன் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தான். காலில் ஷூ இல்லை. கட்டை உயர்ந்தது. ஒட்டியது. குக்கர் அமுக்கினாள்.

உடனே பார்வையைக் கோட்டுக்குக் கொண்டுவந்தாள். "கோடு, கோடு, கோடு" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். சுண்ணாம்பில் ஒரு சின்ன எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதை மட்டும் பார்த்தாள்.

கூட்டம் தாளம் போட்டுக் கை தட்டியது. "சுண்டு! சுண்டு!" என்று அப்பாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. வளைவுக்கு வந்திருப்பான். அப்போது எல்லோரும் ஒரே குரலில், "ஐயோ!" என்றார்கள்.

குக்கரின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. விழுந்துவிட்டானா? பாதங்கள் கட்டையில் இறுகின. உள்ளே இருந்து அந்தப் பழைய மூச்சு கிளம்பியது. கோடு. திரும்பிப் பார்ப்பதால் அவனை என்னால் தூக்கிவிட முடியாது. கோடு. அவன் விழுந்தாலும் எழுந்து வருவான். வரும்போது நான் இங்கே இருக்க வேண்டும். கோடு.

"ஐயோ" என்ற கூட்டம் அடுத்த வினாடியே, "ஹோ!" என்று ஆர்ப்பரித்தது. அது எதற்கென்று குக்கருக்குத் தெரியாது. எறும்பு கோட்டைத் தாண்டிவிட்டது. காலடிச் சத்தம் கேட்டது. தப், தப், தப், தப். சீரான சத்தம். இரண்டு காலும் ஒரே மாதிரி.

நெஞ்சு வந்தது. அமுக்கினாள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியிடம் நீட்டாமல், அவனுடையதை எட்டிப் பார்க்காமல், கணக்கு சாருக்காகக் காத்திருந்தாள்.

அதற்குள் சுண்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். கோபம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது போலிருந்தது.

"அக்கா! பார்த்தியா? வளைவுல சின்னப் பசங்க பந்து உருண்டு வந்துடுச்சு! அப்படியே தாண்டிக் குதிச்சேன்! பார்த்தியா?"

"இல்லைடா. பார்க்கலை."

"பார்க்கலையா? மைதானமே பார்த்துச்சு!"

"நான் கோட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

சுண்டு கோட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சரி, எவ்ளோ?"

"எழுதறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாது."

"ஒரு சின்ன சைகை. கண்ணைச் சிமிட்டு போதும்."

குக்கர் கண்ணைச் சிமிட்டவில்லை. கண்ணில் தூசி விழுந்து அரித்தது, அப்போதும் சிமிட்டவில்லை. கணக்கு சாருக்கு அந்த நேரம் பார்த்துப் பேனா எழுதவில்லை. உதறினார். நோட்டின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். யாரோ வேறு பேனா கொண்டுவந்து கொடுத்தார்கள். மூடியைத் திறக்க இன்னொரு யுகம் ஆனது.

"நாலு?"

"முப்பத்தஞ்சு புள்ளி எட்டு சார்."

"கண்ணாடி?"

"முப்பத்தஞ்சு புள்ளி ஒன்பது சார்."

கணக்கு சார் அதிகமானதை எழுதினார். அடியில் ஒரு கோடு போட்டார். பிறகு தன் மூக்குக் கண்ணாடியின் விளிம்புக்கு மேலாகச் சுண்டுவைப் பார்த்து, "பெரிய போட்டிக்கு நல்லா சாப்பிட்டு வா" என்றார்.

சுண்டு கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. அம்மா ஓடி வந்தார். அப்பா ஒரு கையில் ஒரு ஷூவையும் மறு கையில் இன்னொரு ஷூவையும் ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். சுண்டு யாரிடமும் போகவில்லை. படியில் உட்கார்ந்திருந்த அக்காவின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு தொங்கினான்.

அப்போது மைக்கில் அடுத்த ஓட்டத்தை அறிவித்தார்கள். அந்தப் பக்கம் ஆறு பெண்கள் கோட்டில் வந்து நின்றார்கள்.

"விடுடா சுண்டு, கட்டை தூக்கப் போறாங்க" என்றாள் குக்கர். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

சுண்டு விடவில்லை. அவன் தொங்கியபடியே இருக்க, அவள் கடிகாரத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, நான்காம் தடத்தில் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் கட்டையைப் பார்த்தாள்.